இந்தப் படத்தில் ஒரு பூச்சி இருக்கிறது, கண்டுபிடியுங்கள் (உருமறைப்பு பற்றிச் சில கேள்விகள்)

#1 நத்தைவேகம்

நேற்று மாலை ஒரு மரத்தருகே நின்றிருந்தபோது சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று என் முகத்தை உரசுவதுபோல் பறந்து வந்து அடிமரத்தில் அமர்ந்தது. அமர்ந்த இடத்தை நன்றாகப் பார்த்தேன். கைநீட்டினால் தொட்டுவிடலாம். பையிலிருந்து கைப்பேசியை எடுக்க ஒரு கணம் குனிந்தேன். நிமிர்ந்தால் பூச்சி இல்லை. பறந்திருந்தால் தெரிந்திருக்கும். அதே இடத்தை ஐந்து நிமிடம் முறைத்துப் பார்த்த பிறகுதான், அதுவரை பட்டை என்று நினைத்திருந்த ஒன்றுக்குக் கால்கள் இருப்பது தெரிந்தது.

படத்தை இணைத்திருக்கிறேன். தேடிப் பாருங்கள். கூடவே இரண்டு கேள்விகள். இந்தப் பூச்சியும் பச்சோந்தியைப்போல் மரத்துக்கு ஏற்ப நிறம் மாறுகிறதா? மாறவில்லை என்றால், தனக்குப் பொருத்தமான பட்டை எது என்று அதற்கு எப்படித் தெரியும்? தன் முதுகைத் தானே பார்த்திருக்கவா போகிறது?

#2 கடைசிவரிசை

இடது பக்கம், மேல் ஓரம். பட்டை வெடித்திருக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே. சரியா?

#3 நத்தைவேகம்

இல்லை, அது வெறும் பட்டைச் செதில். என் பூச்சி இருப்பது வேறு இடத்தில். இப்போதைக்குச் சொல்ல மாட்டேன்.

#4 கடைசிவரிசை

எனக்குப் பூச்சியாகத்தான் தெரிகிறது.

#5 சருகுமான்

நத்தைவேகம், பூச்சி முதுகைப் பார்க்கத் தேவையில்லை. பட்டையைப் பார்த்தும் தொட்டும் அறிந்தாலே போதும்.

அந்துப்பூச்சியின் சிறகு நிறம் முழுக்கச் செதில்களால் ஆனது. கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வரும்போதே அது முடிவாகிவிடுகிறது. பிறகு மாற்ற வழியில்லை. ஆனால் எங்கே, எந்தப் பக்கம் தலைவைத்து அமர்வது என்பது அதன் கையில் இருக்கிறது. கொரிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. பட்டையில் இறங்கிய பூச்சிகள் பல, இறங்கிய நிலையிலேயே இருந்துவிடவில்லை. கொஞ்சம் நடந்தன, உடலைத் திருப்பின, அதன்பிறகே அடங்கின. இறங்கிய நொடியில் எடுத்த படத்தையும் அடங்கிய பின் எடுத்த படத்தையும் மனிதர்களிடம் கொடுத்துத் தேடச் சொன்னார்கள். இரண்டாவதில் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. பட்டையின் வெடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பூச்சிகள் கண்ணாலும் தொடுதலாலும் அறிகின்றன என்று அதே குழு பின்னர் காட்டியது. சிறகின் கோடுகள் வெடிப்போடு சேர்ந்து ஓடினால் வேலை முடிந்தது.

நீங்கள் குனிந்த அந்த ஒரு கணத்தில் உங்கள் பூச்சி திரும்பி அமர்ந்திருக்கலாம். அதனால்தான் "அதே இடத்தில்" தேடியும் அகப்படவில்லை.

காடைகள் இதைவிட ஒரு படி மேலே. ஜப்பானியக் காடைகளில் ஒவ்வொரு பெட்டையின் முட்டைக்கும் ஒரு தனி ஜாடை உண்டு. ஒன்று கரும்புள்ளிகளை அள்ளித் தெளித்தாற்போல் இடும், இன்னொன்று ஏறக்குறைய வெறுமையாக இடும். வெவ்வேறு நிற மணல்பரப்புகளைக் கொடுத்தபோது, அவை தத்தம் முட்டையை மறைக்கக்கூடிய பரப்பைத் தேர்ந்து முட்டையிட்டன. 2013-இல் வந்த ஆய்வு. தன் முட்டையின் தோற்றம் தனக்குத் தெரிந்தாற்போல் நடந்துகொள்கிறது ஒரு காடை!

#6 வால்காக்கை

பச்சோந்தி உவமையை முதலில் தூக்கிப் போடுங்கள். கொள்கை மாறுகிறவனைப் பச்சோந்தி என்று திட்டித் திட்டி, அது மறைந்துகொள்வதற்காகவே நிறம் மாறுகிறது என்று ஊரே நம்புகிறது.

பச்சோந்தி நிறம் மாறுவது பெரும்பாலும் கவனிக்கப்படுவதற்காக. இரண்டு ஆண்கள் எதிரெதிரே வந்தால் பச்சை போய் மஞ்சளும் சிவப்புமாகப் பளிச்சிடுகின்றன. தோற்றது மங்கிப் போகிறது. நமீபியாவின் பாலைவனப் பச்சோந்தி காலைக் குளிரில் கறுத்து வெயிலை உறிஞ்சிக்கொள்ளும், சூடு ஏறியதும் வெளுத்துவிடும். சண்டை, காதல், குளிர்காய்தல், இவைதான் அதன் கவலைகள். சதுரங்கப் பலகைமேல் வைத்தால் கட்டம் கட்டமாக மாறும் என்பதெல்லாம் கட்டுக்கதை.

மாறும் விதமும் நாம் நினைப்பதுபோல் இல்லை. 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தினர் மடகாஸ்கரின் சிறுத்தைப் பச்சோந்தியை ஆராய்ந்தார்கள். அதன் தோல் செல்களுக்குள் குவானின் என்ற பொருளாலான நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும். மேலே இருக்கும் மஞ்சள் நிறமியோடு கலந்து அது நமக்குப் பச்சையாகத் தெரியும். ஆவேசம் வந்தால் படிகங்களின் இடைவெளி கூடி, மஞ்சளும் சிவப்பும் திரும்பி வரும். சாயம் பூசிக்கொள்வதே இல்லை. இடைவெளியை மாற்றுகிறது, அவ்வளவுதான்.

#7 சருகுமான்

முழுக்கத் தூக்கிப் போட வேண்டாம், வால்காக்கை. அமைதியான நிலையின் பச்சையே இலைகளுக்கு நடுவே நல்ல மறைப்புதான். தென்னாப்பிரிக்காவின் குள்ளப் பச்சோந்தி ஒன்றுக்கு முன்னால் ஒரு முறை பறவைப் பொம்மையையும் இன்னொரு முறை பாம்புப் பொம்மையையும் காட்டிச் சோதித்திருக்கிறார்கள் (2008). பறவையைக் கண்டபோது பின்னணி நிறத்தோடு நெருக்கமாகப் பொருந்தியது. பாம்பைக் கண்டபோது அத்தனை சிரத்தை எடுக்கவில்லை. பறவைக்கு நிறம் பிரித்தறியும் கண் கூர்மையானது, பாம்புக்கு அப்படி இல்லை.

அதாவது, யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்து ஒளிகிறது. இந்த இழையில் நான் சொல்ல விரும்புவதும் அதுதான்: உருமறைப்பு விலங்கின் தோலில் பாதி, பார்ப்பவரின் கண்ணில் பாதி.

#8 கேள்விக்குறி

அப்படியானால் புலியைச் சொல்லுங்கள். பச்சைக் காட்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விலங்கு. இதைவிடப் பளிச்சென்று ஒரு நிறம் உண்டா? இதையும் உருமறைப்பு என்றுதான் எழுதுகிறார்கள்.

#9 சருகுமான்

உங்களுக்கும் எனக்கும் பளிச். மானுக்கு இல்லை.

நம் விழித்திரையில் நிறம் காணும் கூம்புச் செல்கள் மூன்று வகை. மான் உட்படப் பெரும்பாலான பாலூட்டிகளுக்கு இரண்டே வகை. சிவப்பையும் பச்சையையும் பிரிக்கும் அந்த மூன்றாவது வகை அவற்றுக்குக் கிடையாது. எனவே மானின் கண்ணுக்குப் புலியின் ஆரஞ்சும் புல்லின் பச்சையும் ஏறக்குறைய ஒரே நிறம். அதற்குமேல் கறுப்புக் கோடுகள் உயர்ந்த புற்களின் நிழலோடு கலந்துவிட்டால் மீதம் என்ன தெரியும்? பாலூட்டிகளின் ரோமத்தில் பச்சை நிறமியே உண்டாவதில்லை. கறுப்பு-பழுப்பு ஒன்று, சிவப்பு-மஞ்சள் ஒன்று, இவ்விரண்டுதான் கைவசம். பச்சையாக முடியாத புலி, மானுக்குப் பச்சையாகத் தெரியும் நிறத்தை எடுத்துக்கொண்டது. மானுக்கு இன்னொரு கூம்பு இருந்திருந்தால் ஆரஞ்சுப் புலியின் பிழைப்பு கடினமாகியிருக்கலாம்.

பாலூட்டி பச்சையாக இருக்க ஒரு குறுக்குவழி உண்டு. தேவாங்கைவிட மெதுவாக நகரும் அமெரிக்க சோம்பற்கரடியின், அதாவது ஸ்லாத்தின், ரோமத்தில் பாசி வளர்கிறது. சொந்தமாகப் பச்சை இல்லாவிட்டால் என்ன, குடியேற்றிக்கொள்ளலாம்.

#10 வால்காக்கை

ஸ்லாத்தைச் சோம்பற்கரடி என்று எழுதாதீர்கள். அது கரடி இனமே இல்லை. எறும்புத்தின்னிகளின் உறவு.

#11 சருகுமான்

ஒப்புக்கொள்கிறேன். ஸ்லாத் என்றே வைத்துக்கொள்வோம்.

#12 கண்ணாடிக்காரர்

புலி சரி. வரிக்குதிரையையும் இதே கணக்கில் சேர்த்துவிடலாமா? வகுப்பில் பல ஆண்டுகள் "நாணலுக்கு நடுவே மறைவதற்கு" என்றே நானும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது கொஞ்சம் உறுத்துகிறது.

#13 வால்காக்கை

உறுத்த வேண்டியதுதான், ஐயா. வரிக்குதிரை நாணலில் வாழவில்லை, திறந்த புல்வெளியில் வாழ்கிறது. கூட்டமாகச் சத்தம் போட்டுக்கொண்டு திரிகிறது. ஒளிய நினைக்கும் விலங்கின் நடத்தையா அது?

2016-இல் சிங்கத்தின் பார்வைக் கூர்மையைக் கணக்கில் எடுத்து ஒரு சோதனை செய்தார்கள். பகல் வெளிச்சத்தில் 50 மீட்டருக்கு அப்பால், அந்தி நேரத்தில் 30 மீட்டருக்கு அப்பால், சிங்கத்தால் கோடுகளையே பிரித்துப் பார்க்க முடியாது. சாம்பல் நிற மிருகமாகத்தான் தெரியும். கோடுகள் தெரியும் தூரத்துக்கு வருவதற்குள் வாசனையும் சத்தமும் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு கோடுகள் எதற்கு? கடிக்கும் ஈக்களுக்காக. சாதாரணக் குதிரைகளுக்கு வரிபோட்ட போர்வையைப் போர்த்திப் பார்த்தார்கள் உயிரியலாளர் டிம் காரோவின் குழுவினர் (2019). ஈக்கள் அருகே வந்தன. ஆனால் வேகத்தைக் குறைத்து இறங்கத் தெரியாமல் தடுமாறி, மோதிப் பறந்துவிட்டன. வரியில்லாத போர்வையிலும் போர்வை மூடாத தலையிலும் வழக்கம்போல் இறங்கின.

#14 கண்ணாடிக்காரர்

நன்றி. என் பழைய மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எத்தனை பேரிடம் என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இந்த வியாதி எனக்கு மட்டும் வந்ததில்லை. ஏபட் தேயர் என்று அமெரிக்க ஓவியர் ஒருவர் இருந்தார். 1896-இல் அவர் சொன்ன ஒரு செய்தி இன்றும் பொன்னானது. வெளிச்சம் மேலிருந்து விழுவதால் எந்த உருண்டையான பொருளுக்கும் மேல்பக்கம் வெளுத்தும் அடிப்பக்கம் நிழலாகவும் தெரியும். அந்த நிழல்தான் "இங்கே ஒரு பொருள் இருக்கிறது" என்று கண்ணுக்குச் சொல்கிறது. மான், முயல், சுறா, எதை எடுத்தாலும் முதுகு அடர்ந்தும் வயிறு வெளுத்தும் இருப்பது ஏன்? நிழலை நிறத்தால் சரிக்கட்டுவதற்கு. உருண்டை தட்டையாகிவிடுகிறது. ஓவியர்கள் தட்டையான துணியில் நிழல் தீட்டி உருண்டையாகக் காட்டுவார்கள். இயற்கை அதைத் தலைகீழாகச் செய்கிறது என்று கண்டுகொள்ள ஓர் ஓவியர் தேவைப்பட்டார்.

இதற்கு நான் பார்த்த மிக அழகான சாட்சி, ஆப்பிரிக்காவில் தலைகீழாக நீந்தும் ஒரு கெளுத்தி மீன். வயிறு மேலே, முதுகு கீழே என்றே வாழ்கிறது. அதன் வயிறுதான் கறுப்பு! மல்லாந்து கிடக்கும் விலங்குக்கு நிறமும் மல்லாந்துவிட்டது.

ஆனால் தேயர் அத்தோடு நிற்கவில்லை. கண்ட விலங்கெல்லாம் ஒளிந்துகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றத் தொடங்கியது. பூநாரை இளஞ்சிவப்பாக இருப்பது அந்தி வானத்தில் கரைந்துபோவதற்காக என்று 1909-இல் எழுதி, படமும் தீட்டினார். வேட்டைக்காரரான முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அவரைப் பக்கம் பக்கமாகக் கிழித்துத் தொங்கவிட்டார். அந்தி நேரம் ஒரு நாளில் எவ்வளவு? மீதிப் பொழுதெல்லாம் பூநாரை என்ன செய்யும்? அந்த நிறம் அது தின்னும் சிற்றுயிர்களிலிருந்தும் பாசியிலிருந்தும் வருகிறது.

#15 தென்றல்வழி

முதல் உலகப்போரில் கப்பல்களுக்கு வரிவரியாகப் பெயின்ட் அடித்தார்களே, அது தேயரைப் பார்த்துத்தானே? ராணுவச் சீருடைகளின் வரலாறு பற்றியும் யாராவது எழுதினால்

#16 மட்டுறுத்துநர்

போர்க்கப்பல்களுக்குத் தனி இழை திறந்து, தொடர்ந்து வந்த ஒன்பது பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன். இங்கே விலங்குகள் மட்டும்.

#17 கேள்விக்குறி

எல்லோரும் "பச்சையாக முடியாத புலி ஆரஞ்சை எடுத்துக்கொண்டது" என்பதுபோல் எழுதுகிறீர்கள். யார் எடுத்தது? படிப்படியாக வந்தது என்பீர்கள். இலைப்பூச்சி முழுமையாக இலைபோல் இருந்தால் பிழைக்கும், சரி. கால்வாசி இலைபோல் இருந்தால் என்ன லாபம்? கால்வாசி ஒளிந்தவனையும் பறவை தின்றுவிடுமே.

இன்னொன்று. பாடப்புத்தகத்தில் வரும் கறுப்பு அந்துப்பூச்சிக் கதை மோசடி என்று படித்தேன். செத்த பூச்சிகளை மரத்தில் ஒட்டிப் படம் எடுத்தார்களாம்.

#18 சருகுமான்

முதல் கேள்விக்கு நேற்றைய நத்தைவேகத்தின் அனுபவமே பதில். அவர் ஓர் அடி தூரத்தில், நல்ல வெளிச்சத்தில், நிதானமாக ஐந்து நிமிடம் தேடினார். பறவைக்கு அந்த வசதி எப்போதும் இல்லை. பத்து மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டே, மங்கிய ஒளியில், ஓரக்கண்ணால் ஒரு பார்வை. அந்த நிலையில் கால்வாசி இலையும் இலைதான். தப்புவது நூற்றுக்கு ஒன்று கூடினால்கூடப் போதும், ஆயிரம் தலைமுறையில் அது பெருகிவிடும். பிறகு கூர்ந்து பார்க்கும் பறவைக்கே தீனி கிடைக்கும் என்ற நிலை வரும். பறவையின் கண் கூர்மையாகக் கூர்மையாக அரைவாசி இலை தேவைப்படும். அப்படியே போகும்.

"எடுத்துக்கொண்டது" என்று நான் எழுதியது பேச்சு வசதிக்காக. நீங்கள் பிடித்துக்கொண்டது நியாயம்தான். யாரும் எடுக்கவில்லை. பொருந்தாதவை உண்ணப்பட்டுவிட்டன.

கறுப்பு அந்துப்பூச்சி பற்றி வால்காக்கை எழுதுவார். நான் எழுதினால் நீளமாகிவிடும்.

#19 வால்காக்கை

நானும் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

இங்கிலாந்தின் பெப்பர்டு அந்துப்பூச்சி. வெள்ளைச் சிறகில் மிளகுப்பொடி தூவினாற்போல் புள்ளிகள். மரப்பாசி படர்ந்த பட்டையில் அருமையான மறைப்பு. 1848-இல் மான்செஸ்டரில் முழுக் கறுப்பாக ஒன்று பதிவானது. 1895-இல் அதே நகரத்தில் 98 சதவீதம் கறுப்பு. ஆலைப்புகை பாசியைக் கொன்று மரங்களைக் கரியாக்கியிருந்தது. வெள்ளைப் பூச்சி கரிமரத்தில் பளிச்சென்று தெரிந்து பறவைக்கு இரையாயிற்று என்று 1896-இலேயே டட் என்பவர் ஊகித்துச் சொன்னார். 1950-களில் பெர்னார்ட் கெட்டில்வெல், குறியிட்ட பூச்சிகளைப் பர்மிங்காமின் புகைபடிந்த காட்டிலும் டார்செட்டின் தூய்மையான காட்டிலும் விட்டு, திரும்பப் பிடித்து எண்ணினார். புகைக்காட்டில் கறுப்பும் தூயகாட்டில் வெள்ளையும் அதிகம் தப்பின.

ஒட்டிய படங்கள் உண்மை. இரண்டு நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதற்காகப் பாடப்புத்தகங்களுக்கு எடுத்த படங்கள் அவை. சோதனையின் தரவு அல்ல. கெட்டில்வெல்லின் முறையில் வேறு குறைகள் இருந்தன: பகலில் விட்டார், அடிமரத்தில் விட்டார். அந்தக் குறைகளை நேர்மையாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் மைக்கேல் மஜெரஸ். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கேம்பிரிட்ஜில் 2001 முதல் 2007 வரை ஏழு ஆண்டுகள், 4,864 பூச்சிகளை வைத்து, இரவில் விட்டு, அவை தாமே இடம் தேடி அமரும்படி செய்து, சோதனையைத் திருப்பிச் செய்தார். பூச்சிகள் உண்மையில் எங்கே அமர்கின்றன என்று மரமேறியும் பார்த்தார். பாதிக்கு மேல் கிளைகளில், மூன்றில் ஒரு பங்கு அடிமரத்தில். தன் வீட்டு ஜன்னலிலிருந்து தொலைநோக்கியால் பறவைகள் அவற்றைத் தின்பதைக் கண்ணால் கண்டு எழுதினார். அப்போது காற்று தூய்மையாகிவிட்டிருந்தது, கறுப்புதான் அதிகம் உண்ணப்பட்டது. 2009-இல் அவர் இறந்துவிட, சக ஆய்வாளர்கள் 2012-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

2016-இல் மரபணுவும் அகப்பட்டது. கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் இடம்விட்டு இடம் தாவும் ஒரு டி.என்.ஏ. துண்டு வந்து செருகிக்கொண்டது, ஏறத்தாழ 1819-ஆம் ஆண்டுவாக்கில். அறிவியலில் இதைவிடத் துப்புத் துலங்கிய வழக்கு குறைவு. "மோசடி" என்று எழுதுபவர்கள் 2012-ஐயும் 2016-ஐயும் ஏன் படிப்பதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

#20 கேள்விக்குறி

படிக்காததால்தான் கேட்டேன். கோபப்படாதீர்கள்.

#21 சருகுமான்

கேட்டது நல்லதாயிற்று. ஒரு வேடிக்கை சேர்க்கிறேன். அதே பூச்சியின் புழு, நத்தைவேகம் முதலில் கேட்டதைச் செய்கிறது: நிறம் மாறுகிறது. இருக்கும் குச்சி பழுப்பென்றால் பழுப்பு, பச்சையென்றால் பச்சை. நாள்கணக்கில் மெதுவாக. 2019-இல் புழுக்களின் கண்ணைக் கறுப்புப் பெயின்டால் மூடிப் பார்த்தார்கள். அப்போதும் சரியாகவே மாறின. தோலே வெளிச்சத்தை உணர்கிறது.

அமெரிக்காவில் இன்னொரு புழு உண்டு, ஓக் மரத்தில் வாழ்வது. இளவேனிலில் பிறப்பது ஓக்கின் பூங்கொத்தைத் தின்று பூங்கொத்துபோலவே மஞ்சளாக, முடிச்சு முடிச்சாக வளரும். கோடையில் பிறப்பதற்குப் பூ கிடைக்காது. இலையைத் தின்று குச்சிபோல் வளரும். இலையில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள்தான் எந்த வேடம் என்று முடிவுசெய்கிறது. தின்பது எதுவோ அதுவாகவே ஆகிவிடுகிறது.

#22 தென்றல்வழி

கப்பல் பேச்சுக்கு மன்னிக்கவும். கணவாய் பற்றி யாரும் எழுதவில்லையே? அது நிறம் மாறும் வேகத்தைக் காணொளியில் பார்த்து அசந்துவிட்டேன்.

#23 வால்காக்கை

கணவாய்தான் இந்தத் துறையின் அரசன். பச்சோந்தி பக்கத்தில்கூட நிற்க முடியாது.

தோல் முழுவதும் மீள்தன்மையுள்ள சின்னஞ்சிறு சாயப்பைகள். ஒவ்வொன்றையும் சுற்றிலும் தசைநார்கள். மூளையிலிருந்து நரம்பு நேராக அந்தத் தசைகளுக்குப் போகிறது. இழுத்தால் பை விரிந்து நிறப்புள்ளி பெரிதாகும், விட்டால் சுருங்கி மறையும். அதனால்தான் ஒரு நொடிக்குள் மாறிவிடுகிறது. ரோஜர் ஹேன்லன் என்பவர் இதைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். ஆயிரம் பின்னணிக்கு ஆயிரம் வேடம் என்று எதிர்பார்த்துப் போனால், அடிப்படையில் மூன்றே வகைதான்: ஒரே சீரான நிறம், சிறுசிறு புள்ளிகள், உருவத்தைத் துண்டுபோடும் பெரிய திட்டுகள். தொட்டியின் அடியில் சதுரங்கக் கட்டம் விரித்தால், கட்டம் சிறிதாக இருக்கும்போது புள்ளிவேடம், கட்டம் பெரிதானால் திட்டுவேடம். கட்டத்தை வரைந்து காட்டுவதில்லை, கவனியுங்கள்.

இத்தனைக்கும் கணவாய்க்கு நிறமே தெரியாது. கண்ணில் ஒரே ஒரு நிறமி. நிறக்குருடு ஒன்று நிறத்தோடு இப்படி விளையாடுவது எப்படி என்பது பற்றிக் கருதுகோள்கள் பல, முடிவான விடை இன்னும் வரவில்லை.

#24 கண்ணாடிக்காரர்

உருவத்தைத் துண்டுபோடுவது என்றீர்களே, அது எப்படி வேலை செய்கிறது? பெரிய வெள்ளைத் திட்டு இருந்தால் இன்னும் அதிகமாகத் தெரிய வேண்டாமா?

#25 சருகுமான்

திட்டு தெரியும், ஐயா. விலங்கு தெரியாது. கண் எப்போதும் முதலில் ஓரங்களைத் தேடுகிறது. மூடிய கோடு ஒன்று கிடைத்தால் உள்ளே பொருள் இருக்கிறது என்று முடிவுகட்டும். திட்டு ஓரத்தைத் தொட்டு வெட்டிவிட்டால் அந்தக் கோடு அறுந்துபோகிறது.

இன்னிஸ் கட்ஹில்லும் சகாக்களும் 2005-இல் இதைத் தாள் முக்கோணங்களால் சோதித்தார்கள். அந்துப்பூச்சி அளவில் பட்டை நிறத்தில் முக்கோணங்கள், நடுவே உணவாக ஒரு செத்த புழு, ஓக் மரங்களில் குத்தி வைத்தார்கள். சிலவற்றில் கரும்திட்டுகள் ஓரத்தைத் தொட்டன, சிலவற்றில் அதே திட்டுகள் உள்ளே தள்ளியிருந்தன. நிறம் ஒன்றே. ஓரத்தைத் தொட்டவை அதிகம் தப்பின. எளிமையான, மலிவான, மறக்க முடியாத சோதனை.

#26 இருட்டுக்குயில்

புதியவன். இழை முழுவதும் படித்தேன். எல்லாம் கண்ணைப் பற்றியே இருக்கிறது. மோப்பம் பிடித்து வேட்டையாடுபவனிடம் நிறம் என்ன செய்யும்?

#27 வால்காக்கை

ஒன்றும் செய்யாது. அதனால் சில உயிர்கள் வாசனையையும் மறைக்கின்றன. ஆப்பிரிக்காவின் பஃப் ஆடர் விரியன் நாள்கணக்கில் அசையாமல் பதுங்கிக் கிடக்கும். பயிற்சி பெற்ற நாய்களும் கீரி இனத்து மீர்க்காட்களும் அதன் வாசனையைப் பிரித்தறியத் தவறின (2015). ஓடியாடி இரைதேடும் மற்றப் பாம்புகளைக் கண்டுகொண்டன. பஃப் ஆடர் உரித்த சட்டையைக்கூடக் கண்டுகொண்டன, உயிருள்ள பாம்பைத்தான் தவறவிட்டன! கடலில் ஒரு மீன் தான் தின்னும் பவளத்தின் வாசனையையே பூசிக்கொண்டதுபோல் ஆகிவிடுகிறது. இருட்டிலும் இதேதான். ஹவாயின் குட்டிக் கணவாய், நிலவொளியில் தன் நிழலுரு கீழிருந்து தெரியாமலிருக்க, வயிற்றில் வளர்க்கும் பாக்டீரியாக்களைக்கொண்டு நிலவின் அளவுக்கே ஒளி உமிழ்கிறது. விடியும்போது பெரும்பாலானவற்றை வெளியே கொட்டிவிட்டு, மீதியை மாலைக்குள் பெருக்கிக்கொள்ளும்.

#28 இருட்டுக்குயில்

அருமை. இன்னொரு சந்தேகம். பனி விழும்போது வெள்ளையாக மாறும் முயல்கள், பனி தாமதமானால்?

#29 சருகுமான்

மாட்டிக்கொள்கின்றன. பனிமுயல் வெளுப்பதற்கான சைகை பனியோ குளிரோ அல்ல, பகலின் நீளம். நாட்காட்டி அப்படியே இருக்கிறது, பனி மட்டும் பிந்தி வந்து முந்திப் போகிறது. பழுப்பு மண்ணில் வெள்ளை முயல், விளக்கு ஏற்றி வைத்தாற்போல். வட அமெரிக்க ஆய்வில், பின்னணியோடு பொருந்தாத முயல்கள் வாரத்துக்கு 7 சதவீதம்வரை கூடுதலாகச் செத்தன. தான் பொருந்தவில்லை என்பது அவற்றுக்குத் தெரிந்ததாகவும் தோன்றவில்லை. ஒளிய முயல்வதே இல்லை.

பாறைக் கௌதாரி வகையான டார்மிகன் ஆண் பறவைக்குத் தெரியும் போலிருக்கிறது. பனி உருகிய பிறகும் பெட்டையைக் கவர வெள்ளையாகவே நிற்கும். இணைசேரும் காலம் முடிந்ததும் மண்ணில் புரண்டு தன் வெள்ளையை அழுக்காக்கிக்கொள்ளும். இறகு உதிர்ந்து புதிதாக வரும்வரை அந்த அழுக்குதான் காப்பு.

#30 நத்தைவேகம்

நான் ஒரு பூச்சிப் படம் போட்டேன், இங்கே ஒரு பல்கலைக்கழகமே நடந்துகொண்டிருக்கிறது! யாரும் பூச்சியைத் தேடவில்லை போலிருக்கிறது. விடை: வலது பக்கம், கீழிருந்து கால்பங்கு உயரத்தில், தலை கீழ்நோக்கி.

#31 கண்ணாடிக்காரர்

அடடா. கண்டுவிட்டேன். இனி எவ்வளவு முயன்றாலும் அதைக் காணாமல் இருக்க முடியவில்லை. இதற்கு ஏதாவது பெயர் உண்டா?

#32 சருகுமான்

தேடல் பிம்பம் என்று சொல்லலாம். ஒரு வகையைக் கண்டுபிடித்துப் பழகிய பறவைக்கு அதே வகை அடுத்தடுத்துச் சீக்கிரம் கண்ணில் படும். வட அமெரிக்காவின் நீல ஜே பறவைகளுக்குப் படங்களைக் காட்டி, பூச்சி இருந்தால் கொத்தப் பழக்கினார்கள் (1979). ஒரே வகைப் பூச்சி தொடர்ந்து வந்தபோது பறவைகள் மேலும் மேலும் தேறின. இரண்டு வகைகளைக் கலந்து காட்டியபோது தேறவில்லை. பின்னர் திரையில் கணினிப் பூச்சிகளை "வளர்த்து" அதே இனப் பறவைகளை வேட்டையாட விட்டார்கள். பெரும்பான்மை உருவத்தை ஜே பிடித்துக்கொண்டது, அபூர்வமான உருவங்கள் தப்பிப் பெருகின. ஒரே இனத்தில் பல நிற வேடங்கள் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

கண்ணாடிக்காரர் ஐயா, இப்போது உங்கள் கண் பழகிவிட்டது. அதே கண்ணோடு படத்தின் இடது மேல் ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெடிப்புக்குக் கீழே.

#33 கண்ணாடிக்காரர்

உணர்கொம்பு தெரிகிறது. இரண்டு.

#34 நத்தைவேகம்

மூலப் படத்தைத் திறந்து பார்த்தேன். நிறம் சற்று அடர்த்தி, என் பூச்சியைவிடச் சிறியது. ஆனால் கால்கள் இருக்கின்றன. நான் அந்த மரத்தின் முன்னால் நின்றிருந்த நேரம் முழுவதும் அங்கேயே இருந்திருக்கிறது.

#35 கடைசிவரிசை

இரண்டாவது பதிவைப் பார்க்கவும்.